வைத்தியசாலை வேலைக்கு லிங்க்ட்இன்

கொழும்பில் தாதியாகவோ ஆய்வுகூடத்திலோ மருந்தகத்திலோ வேலை தேடுபவர்கள், தொழில் தொடர்புகளுக்கான இணையத்தளமான லிங்க்ட்இன்னில் முதலில் திருத்த வேண்டியது பெயருக்குக் கீழே வரும் அந்த ஒற்றை வரியைத்தான். "வேலை தேடுகிறேன்" என்று எழுதினால் யார் கண்ணிலும் படாது. ஆளெடுப்பவர்கள் தொழிலின் பெயரைப் போட்டுத்தான் தேடுவார்கள், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆகவே "பதிவுபெற்ற தாதி, தீவிர சிகிச்சைப் பிரிவு, கொழும்பு" என்ற மாதிரி ஆங்கிலத்தில் போடுங்கள். தாதியர் சபையிலோ மருத்துவ சபையிலோ பதிவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால் சான்றிதழைப் படமெடுத்துப் பொதுவில் போடவே வேண்டாம். வார்டில் எடுத்த படங்களும் கூடாது, பின்னால் ஒரு நோயாளி தெரிந்தாலும் தப்புத்தான்.

அப்புறம், ஆசிரி, நவலோக, டேர்டன்ஸ் போன்ற தனியார் வைத்தியசாலைகளின் பக்கங்களைப் பின்தொடருங்கள். அங்கே வேலை செய்யும் உங்கள் பட்ச் ஆட்களைத் தேடி இரண்டு வரி எழுதுங்கள். "வேலை வாங்கித் தாங்க" என்று கேட்காமல், "உங்கட பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்களா, யாருக்கு விண்ணப்பிப்பது?" என்று கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

இப்போது வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுவதை ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் காட்டும் தெரிவை எடுங்கள். ஆனால் அதுவும் முழு மறைப்பு இல்லை, இப்போது வேலை செய்யும் இடத்துக்குத் தெரியவரலாம்.

வெளிநாட்டு வேலை என்று யாராவது செய்தி அனுப்பிக் காசு கேட்டால் அவசரப்படாதீர்கள். அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.