வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மற்றவர்களுக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

எங்கள் தெருவில் யாருக்காவது பேதி என்று பேச்சு கிளம்பினால் மறுநாள் காலை சாக்கடை ஓரமாக பிளீச்சிங் பவுடரை நீளமாகக் கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். பார்க்க நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் பேதிக் கிருமி சாக்கடையிலிருந்து ஏறி வாசல் வழியாக வருவதில்லை, அது வருவது நம் கையோடும் குடிக்கிற தண்ணீரோடும். ஒரு கிருமி உடம்பை விட்டு எப்படி வெளியேறுகிறது, எதில் ஏறிப் போகிறது, அடுத்த ஆளுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் எங்கே மறிக்கலாம் என்பது தானாகத் தெரியும். தெரியாவிட்டால் வீடு முழுக்க மருந்தடித்துவிட்டுக் குடத்தை மறந்துவிடுவோம்.

நாங்கள் அதைத்தான் செய்தோம். போன ஐப்பசி மழையில் முதலில் சின்னவனுக்கு வாந்தி, ராத்திரியே பேதி. இரண்டு நாள் கழித்து அம்மாவுக்கு, அதற்கும் மறுநாள் எனக்கு. அதற்குள் ஒரு பாட்டில் சானிடைசரைக் கதவுக் கைப்பிடி, டிவி ரிமோட் என்று தேய்த்தே தீர்த்திருந்தோம். சமையலறை மூலையில் எவர்சில்வர் குடம் அதுபாட்டுக்கு இருந்தது. எல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் அம்மா தண்ணீர் மொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: சொம்பின் விளிம்பைப் பிடித்து உள்ளே விடும்போது நாலு விரலும் இரண்டாவது கணு வரை தண்ணீரில் நனைந்து வெளியே வருகிறது. நானும் அப்படித்தான் மொள்ளுகிறேன், பையனும் அப்படித்தான். சாக்கடை வரை போவானேன், வழி சமையலறையிலேயே இருந்திருக்கிறது.

கொஞ்சம் கிருமிப் பாடம்

பேதி தரும் கிருமிகளில் மூன்று ஜாதி உண்டு. காலரா, ஷிகெல்லா, சால்மோனெல்லா, ஈ.கோலையில் சில வகைகள் எல்லாம் பாக்டீரியா. ரோட்டா, நோரோ இரண்டும் வைரஸ். அமீபா, ஜியார்டியா இரண்டும் ஒட்டுண்ணி. இதில் பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டு வேலைக்கே உதவும், அதனால் அதை மட்டும் பார்ப்போம்.

ஒரு ஈ.கோலையின் நீளம் சுமார் 2 மைக்ரான், ஒரு மில்லிமீட்டருக்குள் ஐந்நூறு வரிசையாக நிற்கும். அது தனி உயிர். தீனியும் வெதுவெதுப்பும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும், அந்த வேகம் குறையாமல் ஓடினால் ஒன்று எட்டு மணி நேரத்தில் ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிடும். ஆகவே மதியம் வைத்த சாம்பார் ராத்திரி வரை மேடையிலேயே இருப்பது பாக்டீரியாவுக்கு விருந்து. நோரோ வைரஸ் அதைவிட ஐம்பது மடங்குக்கு மேல் சிறியது, நம் உடம்பின் செல்லுக்குள் போனால்தான் அதால் பெருக முடியும். சாம்பாரில் அது ஒன்றிலிருந்து இரண்டாகாது, ஆனால் குழாய்ப் பிடியில் நாள்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும், யாராவது தொடட்டும் என்று.

அடுத்தது சட்டை விஷயம். ஃபுளூ, கொரோனா வைரஸ்களுக்கு மேலே ஒரு கொழுப்புச் சட்டை உண்டு, சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் அதைக் கரைத்து ஆளையே காலி செய்துவிடும். நோரோ, போலியோ, மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ எல்லாம் சட்டை போடாத ரகம். குறிப்பாக நோரோவிடம் சானிடைசரை நம்பக் கூடாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் அதைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை, கையிலிருந்து கிளப்பி வடிகாலில் விட்டால் போதும்.

மூன்றாவது, அளவு. நல்ல ஆரோக்கியமான ஆளுக்குக் காலரா வர கோடிக்கணக்கில் கிருமி உள்ளே போக வேண்டும், ஏனென்றால் வயிற்று அமிலத்தில் பெரும்பாலானவை செத்துப்போகும் (வருஷக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்தக் காவல் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அவர்கள் கூடுதல் கவனமாக இருக்கட்டும்). அதனால் காலரா பெரும்பாலும் தண்ணீர் மூலம் மொத்தமாக வரும். சீதபேதி தரும் ஷிகெல்லாவுக்கு 10 முதல் 100 கிருமி போதும், நகக் கண்ணில் ஒட்டியிருப்பதே அதிகம். நோரோவும் அப்படித்தான், நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் அது நூறு கோடிக்கு மேல்கூட இருக்கும். ஆகவே "சும்மா லேசாத்தானே பட்டுது" என்கிற பேச்சு இந்த இரண்டிடமும் எடுபடாது.

முதல் நாளே செய்ய வேண்டியவை

டாக்டரைப் பார்ப்பது ஒரு பக்கம் நடக்கட்டும். இன்னொரு பக்கம், இரண்டு பாத்ரூம் இருந்தால் ஒன்றை நோயாளிக்கு விட்டுவிடுங்கள். ஒன்றுதான் என்றால் தனி மக் ஒன்று கொடுங்கள். நம் வீடுகளில் பக்கெட் தண்ணீரில் மக் மிதக்கும், கால் கழுவிய கையோடு அதே மக்கை மறுபடி பக்கெட்டில் முக்குவோம், அடுத்து வருபவர் அந்தத் தண்ணீரைத்தான் எடுப்பார். நோயாளி போய்வந்ததும் மீதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து வைப்பதுதான் சரி.

கை கழுவுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் குழாயை மறந்துவிடுகிறோம். அழுக்குக் கையால் திறக்கிறோம், சோப்புப் போட்டுச் சுத்தமாகக் கழுவுகிறோம், பிறகு அதே திருகைத் தொட்டு மூடுகிறோம். கை கழுவும்போதே அந்தத் திருகுக்கும் சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டால் பிரச்சினை முடிந்தது. இருபது விநாடி, நகத்தடி, கட்டைவிரல். துடைக்க ஆளுக்கொரு துண்டு, சமையலறையில் எல்லோரும் துடைக்கும் அந்த ஒற்றைத் துணியை இந்த ஒரு வாரத்துக்குக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். அப்புறம், கைக்குழந்தையின் மலம் ஒன்றும் செய்யாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள். அதிலும் கிருமி அதே அளவு இருக்கும். துணியை அலசிய கைக்கும் சோப்பு வேண்டும்.

வாந்தி எடுத்த இடத்தைத் துடைப்பத்தால் தள்ளாதீர்கள், காய்ந்த பிறகு பெருக்கவே பெருக்காதீர்கள், நோரோ அந்தத் தெறிப்பிலும் தூசியிலும் பரவக்கூடியது. பழைய துணியோ செய்தித்தாளோ போட்டு மூடி, அதன் மேல் பிளீச் கரைசலை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்காகச் சுருட்டி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். பிறகு இன்னொரு முறை கரைசலால் துடையுங்கள். பினாயில் மணக்கும், அவ்வளவுதான், இந்த வைரஸை அதை நம்பி விட முடியாது.

கரைசல் செய்ய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டி. கலக்கித் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். மூடியில்லாமல் மாசக்கணக்கில் கிடந்த பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும், மூக்கைத் தூக்கும் வாசனை இல்லாவிட்டால் அது வெறும் சுண்ணாம்பு. அன்றன்றைக்குக் கலக்குங்கள், கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சைப் பிடிக்கும். ஆஸ்பத்திரிக்கு இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு ஓட வேண்டிவரும்.

குடிக்கிற தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும், கால் மணி நேரம் கேஸை வீணாக்க வேண்டாம். கொதிக்கவைத்ததை எதில் ஊற்றி வைக்கிறோம், எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குழாய் வைத்த பாத்திரம், இல்லையென்றால் நீளக் கைப்பிடி வைத்த கரண்டி. ஆர்ஓ தண்ணீருக்கும் இதே கதைதான், அதில் குளோரின் மிச்சம் இருக்காது என்பதால் ஒரு அழுக்கு விரல் உள்ளே போனால் தடுத்துக் கேட்க ஆளில்லை.

பேதி நின்ற பிறகும் குறைந்தது இரண்டு நாள் நோயாளி யாருக்கும் சமைக்க வேண்டாம், பள்ளிக்கோ வேலைக்கோ போகவும் வேண்டாம். உடம்பு தேறினாலும் மலத்தில் கிருமி வந்துகொண்டிருக்கும், நோரோ என்றால் வாரக்கணக்கில்கூட. அதனால் சோப்பை அதோடு விட்டுவிடாதீர்கள். அம்மாதான் சமைப்பவர், அம்மாவுக்கே வந்துவிட்டது என்றால் வீட்டில் மற்றவர்கள் கரண்டி பிடிக்கட்டும்.

நோயாளிக்கு

ஓஆர்எஸ் பாக்கெட்டில் எத்தனை மில்லிக்கு என்று எழுதியிருக்கிறதோ அத்தனையிலும் மொத்தமாகக் கலக்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டில் கொஞ்சம் கிள்ளி ஒரு டம்ளரில் போடுவது தப்பு, உப்பு சர்க்கரை விகிதம்தான் அதில் மருந்தே. குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கூட இழுத்துக்கொண்டு போகும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும், பேதி போய்க்கொண்டிருக்கும்போதும் இந்த வாசல் மூடுவதில்லை. 1971 இல் வங்காள அகதி முகாமில் காலரா வந்தபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஊசி சலைன் தீர்ந்துபோய் இதைக் கலக்கிக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைப் பிழைக்கவைத்தார். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தட்டையாக. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

மிச்சம் இருந்த ஆன்டிபயாட்டிக்கைத் தேடி எடுத்துப் போடாதீர்கள், வைரஸை அது தொடவே தொடாது. பேதியைக் கட்டிப்போடும் மாத்திரையும் குழந்தைகளுக்கு வேண்டாம். மலத்தில் ரத்தம், கழுநீர் மாதிரி நிற்காமல் போவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தை துவண்டு கண் சொருகுகிறது, குடித்ததெல்லாம் வெளியே வருகிறது, இதில் எது இருந்தாலும் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. கைக்குழந்தை உள்ள வீடுகளில் 6, 10, 14 வாரங்களில் கொடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க

நேரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். கல்யாணத்தில் சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பத்துப் பேர் வாந்தி எடுத்தால் அது பெரும்பாலும் சாப்பாட்டிலேயே ஊறிய நச்சு. சாதத்தில் வரும் பேசில்லஸ் சீரியஸ் அப்படிப்பட்டது, அதன் விதை போன்ற ஸ்போர் உலையிலும் சாகாது, சோறு மணிக்கணக்கில் வெளியே இருந்தால் முளைத்து நச்சைக் கக்கும், அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அரை நாள் முதல் இரண்டு நாள் என்றால் நோரோவைச் சந்தேகிக்கலாம். காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள். டைஃபாய்டு ஒன்றிலிருந்து மூன்று வாரம், ஆகவே நேற்றுச் சாப்பிட்ட பானிபூரி மேல் அந்தப் பழியைப் போடாதீர்கள்.

வீட்டுக்குள் இரண்டு நாள் இடைவெளியில் ஒவ்வொருவராக விழுந்தால் கையும் குடமும். ஒரே நாளில் தெருவில் ஐந்தாறு வீட்டில் என்றால் தண்ணீர்க் குழாய். நாள் முழுக்கத் தண்ணீர் வராத ஊர்களில் இது எப்படி நடக்கிறதென்றால், விநியோகம் நின்றதும் குழாயில் அழுத்தம் விழும், விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இறங்கும், மறுநாள் முதலில் வருகிற தண்ணீரோடு அது வீட்டுக்கு வரும். லைனிலேயே மோட்டாரை மாட்டி இழுக்கிறவர்கள் இதை இன்னும் மோசமாக்குகிறார்கள், தண்ணீர் இல்லாத குழாயை உறிஞ்சினால் விரிசலில் இருப்பதைத்தான் உறிஞ்சும். முதல் இரண்டு குடத்தைச் சம்ப்பில் விடாமல் வெளியே விடுவது கொஞ்சம் உதவும், கலங்கலோ நாற்றமோ இருந்தால் அன்றைக்கு அந்தத் தண்ணீரே வேண்டாம்.

1854 இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற டாக்டர் செய்த வேலையை நாமும் செய்யலாம். கிருமியைப் பார்க்காமலே, செத்தவர்கள் வீடுகளைக் குறித்து, எல்லோரும் எந்தப் பம்பில் பிடித்தார்கள் என்று கேட்டு, அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றவைத்தார் அவர். எந்த வீட்டில் யாருக்கு எந்தத் தேதியில் ஆரம்பித்தது, மெட்ரோ தண்ணீரா, கேனா, போரா என்று ஒரு நோட்டில் எழுதி அதோடு வார்டு அலுவலகத்துக்குப் போனால் "தண்ணி சரியில்ல சார்" என்று போய் நிற்பதைவிட வேலை நடக்கும். குழாய் முனையில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், அவர்களிடம் உள்ள குளோரோஸ்கோப் என்ற சோதனைக் கருவியில் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், வராவிட்டால் குளோரின் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். கிருமிப் பரிசோதனைக்கு மாதிரி கொடுப்பதாக இருந்தால் பழைய ஜூஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் தருவார்கள், அதை அலசாமல் பிடித்து, ஐஸ் வைத்த பையில் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.