ஹைட்ரில்லா இலையில் செல்லுக்குள் நடக்கும் போக்குவரத்தைப் பார்ப்பதும் அளப்பதும்

ரெக்கார்டு நோட்டில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் செல்லை வரைந்து, பசுங்கணிகங்களைச் சுற்றி நாலு அம்புக்குறி போட்டு, கீழே ‘சைக்ளோசிஸ்’ (செல்லுக்குள் சைட்டோபிளாசம் சுற்றி ஓடுவது) என்று எழுதிவிட்டால் கையெழுத்து கிடைத்துவிடும். அந்த அம்புக்குறி எதைக் காட்டுகிறது என்று கேட்டால்தான் சிக்கல். பசுங்கணிகம் தானாக நீந்துவதில்லை. செல் சுவரை ஒட்டிய சைட்டோபிளாசத்தில் ஆக்டின் என்ற புரத இழைகள் கற்றை கற்றையாகக் கிடக்கின்றன. அவற்றின் மேல் மயோசின் என்ற மோட்டார் புரதம் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து அடியெடுத்து வைக்கிறது. அது இழுத்துச் செல்லும் சரக்கோடு சுற்றியிருக்கும் சைட்டோபிளாசமும் ஓடுகிறது, பசுங்கணிகமும் கூடவே போகிறது. ஆக்டின் இழையின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். நம் கையிலுள்ள நுண்ணோக்கியோ ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே எதையும் பிரித்துக் காட்டாது. பாதை கண்ணில் படாது, ஆனால் சரக்கு ஓடும் விதத்தை வைத்துப் பாதை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம்.

ஹைட்ரில்லாவைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் போதும்: இலை இரண்டு செல் அடுக்கு கனம்தான். பிளேடால் சீவ வேண்டியதில்லை, சாயம் ஏற்ற வேண்டியதில்லை. குளத்திலோ மீன் தொட்டி விற்கும் கடையிலோ கிடைக்கும். கொண்டுவரும்போது அது வளர்ந்த தண்ணீரையே ஒரு பாட்டிலில் எடுத்து வாருங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் நேரடியாகப் போடாதீர்கள். வேறு வழியில்லை என்றால் அந்தத் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பார்ப்பதற்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை செடியை எல்இடி விளக்கின் கீழ் வையுங்கள். இருட்டில் கிடந்த இலையில் பசுங்கணிகங்கள் பெரும்பாலும் அசையாமல் இருக்கும், வெளிச்சம் பட்ட பிறகுதான் ஓட்டம் பிடிக்கும். குண்டு பல்பு வேண்டாம், தண்ணீர் சூடாகிவிடும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் நல்லது.

தண்டின் நுனி மொட்டை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இரண்டாவது அல்லது மூன்றாவது இலை வட்டத்திலிருந்து ஓர் இலையை அடிப்பக்கமாக ஃபோர்செப்ஸால் பிடித்துக் கிள்ளுங்கள். நடுவில் பிடித்தால் நசுங்கிய இடத்துச் செல்கள் செத்துப்போகும். கீழே உள்ள முதிர்ந்த இலைகளில் சுண்ணாம்பு படிந்திருக்கும், பாசியும் ஒட்டியிருக்கும், அவை வேண்டாம். ஸ்லைடில் அதே குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, இலையின் மேல்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். மேல் அடுக்கின் செல்கள் பெரியவை, பார்க்க எளிது. கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பில் ஊன்றிச் சாய்வாக இறக்கினால் காற்றுக்குமிழி சிக்காது. மிச்சத் தண்ணீரை ஃபில்டர் பேப்பரால் ஓரத்தில் உறிஞ்சுங்கள், ஆனால் கவர் ஸ்லிப் இலையை அழுத்தும் அளவுக்கு உறிஞ்ச வேண்டாம்.

இதன் பிறகு ஐந்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள். இந்த இடத்தில்தான் பலரும் பொறுமை இழந்து அடுத்த இலையைக் கிள்ளப் போகிறார்கள். செல்லை நசுக்கினாலோ இடித்தாலோ உள்ளே கால்சியம் அளவு உயரும். தாவர மயோசின் கால்சியம் கூடினால் வேலையை நிறுத்திவிடும். நிறுத்தியது தானாகத் திரும்பத் தொடங்க அவகாசம் வேண்டும்.

10 மடங்கு ஆப்ஜெக்டிவில் நடுநரம்பைக் கண்டுபிடித்து, அதை ஒட்டிய நீண்ட செல்களை நடுவில் கொண்டுவந்து, 40 மடங்குக்கு மாறுங்கள். ஐரிஸ் டயஃப்ரத்தைக் கொஞ்சம் மூடினால் விளிம்புகள் தெளியும். முழுக்கத் திறந்து வைத்தால் எல்லாம் வெளுத்துப் பச்சைப் புள்ளி மட்டும்தான் தெரியும். ஃபைன் திருகை மெல்ல மேலும் கீழும் அசைத்து ஒரே அடுக்கில் நில்லுங்கள். இரண்டு அடுக்கும் கலந்து தெரிந்தால் திசையே குழம்பும்.

இப்போது ஒரே ஒரு பசுங்கணிகத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். நீண்ட சுவரோரமாக ஓடும், மூலையில் திரும்பும், குறுக்குச் சுவரோரமாகப் போகும், எதிர்ச் சுவரோரமாகத் திரும்பி வரும். நடுவில் வராது, அங்கே சாறு நிறைந்த பெரிய பையான வாக்குவோல் அடைத்துக்கொண்டிருக்கிறது. சில சமயம் ஒன்று நின்று, பின்னால் வருவது அதன் மேல் மோதி, இரண்டும் சேர்ந்து நகரும். ஆனால் ஒட்டுமொத்த ஓட்டம் திசை மாறாது. ஆக்டின் இழைக்கு இரு முனைகளும் ஒன்றல்ல. இந்த மயோசின் அவற்றில் ஒன்றான கூட்டல் (பிளஸ்) முனையை நோக்கித்தான் நடக்கும். கற்றையிலுள்ள இழைகள் ஒரே பக்கம் பார்த்துக் கிடப்பதால் செல்லுக்குள் ஒருவழிப் பாதை.

பார்ப்பது உண்மையான ஓட்டம்தானா என்பதைச் சோதிக்காமல் எழுத வேண்டாம். கவர் ஸ்லிப்புக்குக் கீழே தண்ணீர் காயும்போது இலையே நகரும். செல் சுவர்களும் சேர்ந்து நகர்ந்தால் அது உள்ளே நடக்கும் ஓட்டமல்ல. அடுத்தடுத்த இரு செல்கள் ஒரே சுழல் திசையில் இருந்தால், பொதுச் சுவரின் இருபுறமும் பசுங்கணிகங்கள் எதிரெதிராக ஓடும். இதைக் கண்டுவிட்டால் சந்தேகமே இல்லை. இன்னும் உறுதி வேண்டுமானால் கவர் ஸ்லிப் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டு மறு ஓரத்தில் ஃபில்டர் பேப்பரால் இழுங்கள். செல் செத்ததும் ஓட்டம் நின்றுவிடும். நுண்ணோக்கி பிம்பத்தை 180 டிகிரி திருப்பிக் காட்டுவதால் இடம் வலமாகும்; ஆனால் வலஞ்சுழி வலஞ்சுழியாகவே இருக்கும். ஆகவே நோட்டில் சுழல் திசையை எழுதுங்கள், ‘இடப்பக்கம் போகிறது’ என்று எழுதாதீர்கள்.

வேகத்தை அளக்க ஐபீஸ் மைக்ரோமீட்டர் (கண்வில்லைக்குள் வைக்கும் அளவுகோல்) இருந்தால் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை (அளவுகோல் பொறித்த ஸ்லைடு) வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஜ் அளவுகோலில் ஒரு கோடு 10 மைக்ரோமீட்டர். 40 மடங்கில் ஐபீஸின் 100 கோடுகள் ஸ்டேஜின் 25 கோடுகளோடு பொருந்தினால், ஐபீஸ் கோடு ஒன்று 2.5 மைக்ரோமீட்டர். இரண்டும் இல்லையென்றால் ஐபீஸில் பொறித்திருக்கும் புல எண்ணைப் பாருங்கள். அது 18 என்றால், ஆப்ஜெக்டிவ் 40 ஆல் வகுக்க 0.45 மில்லிமீட்டர், அதாவது பார்வைப் புலத்தின் குறுக்களவு 450 மைக்ரோமீட்டர். நேரான சுவரோரமாக, இடையில் நிற்காமல் போகும் பசுங்கணிகத்தை மட்டும் எடுத்து, ஃபோன் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பாருங்கள். 50 மைக்ரோமீட்டரை 10 விநாடியில் கடந்தால் விநாடிக்கு 5 மைக்ரோமீட்டர். குறைந்தது பத்துப் பசுங்கணிகங்களை அளந்து சராசரி எடுங்கள். நின்று நின்று போவதையும் சேர்த்தால் மோட்டாரின் வேகம் குறைவாகத் தெரியும்.

இந்த வேகம் அற்பமாகத் தோன்றலாம். சிறிய புரதம் ஒன்று சைட்டோபிளாசத்தில் வெறும் விரவலால், அதாவது தானாக அலைந்து பரவுவதால், 100 மைக்ரோமீட்டர் போக வேண்டுமானால் பல நிமிடம் பிடிக்கும். ஓட்டத்தில் அதே தூரம் 20 விநாடி. பசுங்கணிகம் போன்ற பெரிய பொருளுக்கு விரவலை நம்பிப் பயனே இல்லை.

வெப்பத்தின் பங்கைப் பார்க்க, ஸ்லைடை ஐஸ் கட்டி வைத்த தட்டின் மேல் ஐந்து நிமிடம் வைத்து, அடியில் பனித்த ஈரத்தைத் துடைத்துவிட்டு உடனே அளந்து பாருங்கள். வேகம் குறைந்திருக்கும், அறை வெப்பத்துக்கு வர வர ஏறும். ஏறவில்லை என்றால் செல்கள் சேதமடைந்திருக்கலாம்.

பாதை ஆக்டின்தான், செல்லிலுள்ள இன்னொரு வகைப் புரத இழையான நுண்குழல் அல்ல என்பதற்கு ஆதாரம் மருந்துகள். ஆக்டினைக் குலைக்கும் சைட்டோகலாசின் கொடுத்தால் ஓட்டம் நிற்கும். நுண்குழலைக் குலைக்கும் கால்கிசின் கொடுத்தால் தொடர்ந்து ஓடும். கால்கிசின் நம் ஊர் செங்காந்தளில், அதாவது கண்வலிக் கிழங்கில் இருப்பதுதான். கிழங்குச் சாற்றை வைத்து வீட்டில் முயலக் கூடாது, கடும் விஷம். நுண்குழலுக்கு இந்தச் செல்லில் வேறு வேலை: செல் சுவரில் செல்லுலோஸ் எந்தத் திசையில் படிய வேண்டும் என்று வழிகாட்டுவது. நடுநரம்போரச் செல்கள் நீண்டு வளர்ந்திருப்பதில் அதற்குப் பங்குண்டு.

இன்னும் வேகமான ஓட்டம் வேண்டுமென்றால் காரா என்ற பாசியைத் தேடுங்கள். செல்லுக்குள் ஓட்டத்தை போனவெந்துரா கோர்ட்டி 1774 இல் கண்டது அந்தப் பாசியில்தான். அதன் நெருங்கிய இனமான நைட்டெல்லாவின் ஆக்டின் கற்றைகளைத் திறந்து வைத்து, மயோசின் பூசிய நுண்மணிகளை அவற்றின் மேல் விட்டு, அவை நடப்பதை ஷீட்ஸ், ஸ்புடிச் என்ற ஆய்வாளர்கள் 1983 இல் காட்டினார்கள். காராவில் வேகம் விநாடிக்குப் பல பத்து மைக்ரோமீட்டர். ஆனால் ஹைட்ரில்லா பழக்கத்தில் பசுங்கணிகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள். காராவில் பசுங்கணிகங்கள் சுவரோரம் வரிசையாக நிலைத்து நிற்கும்; ஆக்டின் கற்றைகள் அவற்றின் உள்பக்கத்தில் இருக்கின்றன. ஃபோகஸைக் கொஞ்சம் உள்ளே இறக்கி, அங்கே விரையும் நிறமற்ற துகள்களைத்தான் அளக்க வேண்டும். சுண்ணாம்பு ஓடு மறைத்தால், பசுங்கணிகமே இல்லாத வேரிழைகளை எடுத்துப் பாருங்கள்.