கான்சர் ட்ரீட்மெண்ட் முடிஞ்சும் பயம் விடேல்லையா? வீட்டாக்கள் செய்ய வேண்டியது

அம்மாக்கு கீமோ முடிஞ்சு மாசக்கணக்காகியும் கான்சர் ஆஸ்பத்திரி இருக்கிற மகரகமக்குப் போற பஸ்ஸக் கண்டாலே கை நடுங்கும், ஸ்பிரிட் மணத்துக்கு சத்தி வரும், செக்கப்புக்கு முதல் நாள் இரவு வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில லைட்டும் போடாம இருப்பா. இது மனப்பலவீனமில்ல, உடம்பு பட்டத மூளை மறக்கேல்ல.

"ஒண்டுமில்ல, யோசிக்காதீங்கோ" எண்டு வாய அடைக்காதீங்கோ, பக்கத்தில இருந்து என்ன பயம் எண்டு கேளுங்கோ, அழுதா அழ விடுங்கோ. நடுக்கம் வந்தா கால நிலத்தில பதிச்சு மூச்ச மெதுவா இழுத்து அதவிட மெதுவா விடச் சொல்லுங்கோ. இன்னும் ஸ்டீரொய்ட் குளிசை எடுக்கிறாவெண்டா அதுவும் நித்திரையக் கெடுக்கும், டொக்டரிட்ட சொல்லுங்கோ, நீங்களா நிப்பாட்டாதீங்கோ. ரெண்டு கிழமைக்கு மேல இப்பிடியே இருந்தா மனநல டொக்டரிட்ட காட்டுங்கோ. சாகோணும் எண்டு கதைச்சா தனிய விடாம உடன 1926க்கு எடுங்கோ, இலங்கை தேசிய மனநல நிறுவனத்திட நம்பர், 24 மணித்தியாலமும் இருக்கு.