நெய்க்கை படும் கடைகளில் கார்டு மெஷினைத் துடைக்கும் முறை

திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலோ ஜங்ஷனிலோ அல்வாக் கடை நடத்துபவர்களின் கார்டு மெஷினுக்குத் துணிக்கடை மெஷினுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. சூடாக வாங்கித் தின்ற கையோடு வாடிக்கையாளர் ரகசிய எண்ணை அழுத்துவதால், பொத்தான்களின் மேல் நெய்யும் சர்க்கரையும் பிசுக்காகப் படிந்துவிடுகின்றன. நியூயார்க் நகரின் 66 ஏ.டி.எம். விசைப்பலகைகளில் மாதிரி எடுத்து 2016-இல் வெளியான ஆய்வில், மனிதத் தோலிலும் வீட்டுப் பொருள்களிலும் காணப்படும் நுண்ணுயிரிகளோடு மீன், கோழி ஆகியவற்றின் தடயங்களும் தென்பட்டன. அந்த நுண்ணுயிரிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதால் அஞ்சத் தேவையில்லை. ஆனால் வயிற்றுப்போக்குக் கிருமிகளும் கைவழியே பரவக்கூடியவை. பணம் வாங்கும் கையே அல்வாவையும் நிறுக்கும் கடையில் கவனம் கூடுதலாக வேண்டும்.

மெஷினை அணைத்து, சார்ஜரைக் கழற்றிய பிறகே துடைக்கத் தொடங்க வேண்டும். பலரும் நேரே சானிடைசரை எடுக்கிறார்கள். பிசுக்கு இருக்கும் வரை அதனடியிலுள்ள கிருமிகளை மருந்து சரிவர எட்டாது. ஆகவே பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு துளி கலந்த நீரில் மெல்லிய துணியை நனைத்து, நீர் சொட்டாதபடி நன்கு பிழிந்து, முதலில் நெய்யை எடுத்துவிட்டு, வெறும் ஈரத்துணியால் சோப்பையும் துடைத்து உலரவிட வேண்டும். அதன்பின், 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பொத்தான்களையும் பக்கங்களையும் துடைத்து, அரை நிமிடமாவது ஈரம் நிற்கும்படி விட வேண்டும். இதைவிடச் செறிவான ஆல்கஹால் மேலானதன்று. அது விரைவில் ஆவியாகிவிடும், கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஓரளவு நீரும் தேவை. பொத்தான் இடுக்குகளுக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சி போதும்.

எதையும் மெஷின் மேல் நேரடியாகத் தெளிக்கக் கூடாது. கார்டு செருகும் பிளவுக்குள் நீர் இறங்கினால் மெஷின் பழுதாகும். பினாயில், பிளீச்சிங் கரைசல், நெயில் பாலிஷ் நீக்கி ஆகியவை திரையையும் எழுத்துகளையும் கெடுக்கும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அல்வா கிண்டும் அடுப்புக்கு அருகில் இந்த வேலையே வேண்டாம்.

காலையில் கடை திறக்கும்போதும் மாலைக் கூட்டம் தணிந்த பிறகும் துடைக்கலாம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்ட நாள்களில் இது போதாது. உண்மையில், துடைத்த மறுநொடியே அடுத்த விரல் படும் என்பதால், கல்லாவுக்கு முன்னால் கை கழுவக் குழாயும் சோப்பும் வைப்பதே அதிகப் பயன் தரும். 2021 ஜனவரி முதல், 5,000 ரூபாய் வரை ரகசிய எண் இன்றி கார்டைத் தட்டிச் செலுத்த வழியுண்டு, க்யூ.ஆர். அட்டையையும் எவரும் தொட வேண்டியதில்லை.

துடைக்கும் துணி மேசைத் துணியாக இருக்கக் கூடாது. அன்றன்றே சோப்பில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும்.