சி மொழியில் யூஆர்எல்லுக்கு ஒரு ஸ்ட்ரக்ட்: என் அனுபவம்

யூஆர்எல் எனும் இணைய முகவரியின் ஹோஸ்ட் (தளத்தின் பெயர்), பாத் (பாதை), குவெரி (கேள்விக்குறிக்குப் பின் வருவது) என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மால்லாக் (நினைவக ஒதுக்கீடு) செய்யும் பழைய ஸ்ட்ரக்ட் (பல தரவுகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) என் கைக்கு வந்தது. பார்ஸ், அதாவது முகவரியைப் பகுதிகளாகப் பிரிப்பது, பாதியில் தோற்றால் எந்த நினைவகத்தை ஃப்ரீ செய்வது (விடுவிப்பது) என்றே தெரியாது.

முழு முகவரியையும் ஒரே பஃபரில் (நினைவகத் தொகுதியில்) வைத்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்க இடமும் நீளமும் மட்டும். பாயிண்டர் (நினைவக இடத்தைச் சுட்டும் மாறி) வேண்டாம், பஃபரின் அளவை மாற்றும் ரீஅல்லாக் அதை நகர்த்தினால் பழைய பாயிண்டர் செல்லாது. இப்போது ஒரே ஃப்ரீ போதும்.

அப்புறம், கேள்விக்குறிக்குப் பின் ஒன்றுமில்லை என்பதும் கேள்விக்குறியே இல்லை என்பதும் யூஆர்எல் இலக்கணத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 3986 படி வேறு வேறு. இதைத் தொலைத்தால் முகவரியைத் திரும்பக் கட்டும்போது மாறிவிடும். முதலாவதற்கு நீளம் 0, இரண்டாவதற்கு -1.

போர்ட் எண்ணுக்கு முன் முக்காற்புள்ளி (:) வரும், ஆனால் ஹோஸ்ட்டாகச் சதுர அடைப்புக்குள் எழுதப்படும் ஐபிவி6 (நீளமான எண்வகை முகவரி) முகவரிக்குள்ளேயே அது வரும். சதுர அடைப்பைத் தாண்டித்தான் போர்ட்டைத் தேட வேண்டும். %2எஃப் (சாய்கோட்டின் குறியீட்டு வடிவம்) போன்றவற்றை, முகவரியைப் பிரித்த பிறகே அவிழ்க்கிறேன், முன்பே அவிழ்த்தால் பாத்தில் இல்லாத சாய்கோடு முளைக்கும்.