'பனி வந்ததா' என்று கேட்டால் உடனே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்

செங்கோட்டைப் பக்கம் யாருக்காவது பெரிய ஆபரேஷன் என்றால் பலரும் ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மறுநாளே வாட்ஸப்பில் 'அவசரம், ஓ பாசிட்டிவ்' என்று வந்துவிடும், நாமும் நாலு பேர் ரத்தம் கொடுக்க ஒரு காரில் ஏறிவிடுவோம். ஏறும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் மொழி. அங்கே கேள்விகள் மலையாளத்தில்தான் வரும். பனி என்றால் காய்ச்சல், மலம்பனி மலேரியா, எலிப்பனி எலிக்காய்ச்சல், மஞ்ஞப்பித்தம் மஞ்சள் காமாலை. என்னோடு வந்த தம்பி ஒருவனிடம் நர்ஸ் 'பனி வந்நோ?' என்று கேட்க, அவன் சிரித்துக்கொண்டே 'எங்க ஊர்ல ஏது சேச்சி பனி, சாரல்தான்' என்றான். போன மாதம்தான் டெங்குவில் படுத்து எழுந்தவன்! நான் பக்கத்தில் இருந்ததால் குறுக்கே புகுந்து சொன்னேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். டெங்கு வந்து குணமானால் 6 மாதம், மலேரியா என்றால் 3 மாதம், பச்சை குத்தினால் 12 மாதம் பொறுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி என்ற கல்லீரல் அழற்சி வந்தவர்கள் கொடுக்கவே கூடாது.

'அதான் எல்லாம் டெஸ்ட் பண்றாங்களே' என்பீர்கள். பண்ணுகிறார்கள், ஆனால் கட்டாயமாகப் பார்ப்பது ஐந்துதான்: எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய், மலேரியா. டெங்கு அந்தப் பட்டியலில் இல்லை, அதை நீங்கள் வாயால் சொன்னால்தான் உண்டு. பட்டியலில் இருப்பவற்றிலும் கிருமி உடம்புக்குள் வந்த புதிதில் சோதனையில் சிக்காத இடைவெளி ஒன்று இருக்கிறது. கிருமியின் மரபணுவையே தேடும் நாட் சோதனை அதைக் குறைத்திருக்கிறது, ஒழிக்கவில்லை.

இந்தக் கேள்விகளின் அருமை தெரிய ஹார்வி ஆல்டர் கதையைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் பெதஸ்டாவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரத்த ஆராய்ச்சி செய்தவர். அங்கே 1960களில் இதய ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி வந்துகொண்டிருந்தது. 1970 வாக்கில் காசுக்கு ரத்தம் கொடுப்பவர்களை நிறுத்தினார்கள், பி வைரஸுக்குச் சோதனையும் வந்தது. அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. மிச்சம் இருந்தது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. ஆல்டர் நோயாளிகளின் ரத்த மாதிரிகளை உறையவைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். 1989இல் சி வைரஸ் பிடிபட்ட பிறகு, பெயர் தெரியாமல் கிடந்த அந்த மாதிரிகளில் அதுவே இருந்தது தெரிந்தது. 2020இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

காசுக்குக் கொடுப்பவன் நோயை மறைப்பான், கூலி போய்விடுமே. இந்தியாவிலும் 1998 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. ஆனால் நம் ஊரில் காசு செய்த வேலையை இப்போது முகதாட்சண்யம் செய்கிறது. மாமா படுத்துக்கிடக்க, சுற்றி நாலு சொந்தக்காரர்கள் நிற்க, 'எனக்குப் போன வருஷம் காமாலை வந்தது' என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு வழி, கேள்வி கேட்கும்போது சொந்தக்காரர்களை வெளியே இருக்கச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பினால் 'ஹீமோகுளோபின் கம்மியாம்' என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம், அது பாவமில்லை. (12.5க்குக் கீழே இருந்தால் உண்மையிலேயே எடுக்க மாட்டார்கள்.)

எச்ஐவி சந்தேகம் இருக்கிறவர்கள் இலவசமாக டெஸ்ட் ஆகட்டும் என்று ரத்தம் கொடுக்கப் போகாதீர்கள். நம் பக்கம் நம்பிக்கை மையம், அந்தப் பக்கம் ஜோதிஸ், இரண்டிலும் இலவசம்தான், பெயரும் வெளியே வராது.

மற்றபடி 18 வயது, 45 கிலோ, கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முந்தின நாள் குடிக்காதீர்கள். கொடுத்த கையோடு புளியரை வளைவுகளில் நின்றுகொண்டே பஸ்ஸில் வராதீர்கள், தலை சுற்றும்.

அப்புறம், ரத்த வங்கி நம்பரை போனில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஏதாவது ஞாபகம் வந்தாலோ, இரண்டு நாளில் காய்ச்சல் அடித்தாலோ தேதியையும் பெயரையும் சொல்லி 'என் பையை எடுத்து வைத்துவிடுங்கள்' என்றால் போதும். சிவப்பணு குளிர்பெட்டியில் 35 நாளாவது கெடாமல் இருக்கும் என்றாலும், அதற்கு வெகு முன்பே யாருக்காவது ஏற்றிவிடலாம், அதனால் தள்ளிப்போடாமல் உடனே கூப்பிடுங்கள்.