கேனிஸ்டர் ஃபில்டருக்கு பிவிசி பைப்: எங்கெல்லாம் சறுக்குகிறோம்

மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்தான் கேனிஸ்டர் ஃபில்டர். குழாய் வேலை தெரிந்தவர்கள்தான் இதற்குப் பைப் போடுவதில் அதிகம் சறுக்குகிறார்கள். வீட்டுத் தண்ணீர் லைனை ஒருமுறை ஒட்டிவிட்டால் பல வருஷத்துக்கு யாரும் தொடுவதில்லை. கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். மீன் தொட்டியின் கேனிஸ்டர் ஃபில்டருக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. அதை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். கசிவும் சில இடங்களில் ஈரமே காட்டாது.

முதல் தவறு, பைப்புகள் சேரும் எல்லா மூட்டுகளையும் ஒட்டிவிடுவது. நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு சொட்டு கசிவில்லை, பெருமையாக இருந்தது. ஃபில்டரைக் கழுவ வேண்டிய நாள் வந்தபோது ஹாக்சாவை எடுக்க வேண்டியதாயிற்று. இன்டேக் (தொட்டியிலிருந்து ஃபில்டருக்கு), அவுட்லெட் (ஃபில்டரிலிருந்து தொட்டிக்கு) இரண்டு லைனிலும் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு பால் வால்வும் ஒரு யூனியனும் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) வேண்டும். வால்வு தொட்டிப் பக்கமும் யூனியன் ஃபில்டர் பக்கமும் இருக்கட்டும். மாற்றி வைத்தால் யூனியனைத் திறந்ததும் தொட்டித் தண்ணீர் தரைக்கு வந்துவிடும். தொட்டிக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னரையும் (இன்டேக் முனையின் வடிகட்டி) ஸ்ப்ரே பாரையும் (அவுட்லெட் முனையில் துளைகள் உள்ள குழாய்) ஒட்டவே வேண்டாம், இறுக்கமாகச் செருகினாலே போதும். அங்கே கசிந்தாலும் தொட்டிக்குள்தானே போகும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத கசிவு. தொட்டியின் விளிம்பைத் தாண்டி வளைந்து இறங்கும் இன்டேக் பைப்பைப் பாருங்கள். அதில் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஒரு மூட்டு சரியில்லை என்றால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஃபில்டர் கடகடவென்று சத்தம் போடும், அவுட்லெட்டில் பொடிக் குமிழ்கள் வரும், ஓட்டம் குறையும். பலர் இம்பெல்லர் (பம்பில் தண்ணீரைத் தள்ளும் சுழலி) போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கி மாட்டுவார்கள். அப்படி வாங்குவதற்கு முன் அந்த வளைவில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். காற்று தங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: விளிம்பைத் தாண்டியபின் பைப் நேராகக் கீழே இறங்காமல் நடுவில் மறுபடி மேலேறினால், அந்த மேட்டில் காற்று சிக்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு முறை ஃபில்டரை ஓட்டும்போதும் போராட்டம்தான்.

ஓட்டம் அதிகமாக இருக்கிறது என்று இன்டேக் வால்வைத் திருகிக் குறைப்பதும் தப்பு. பம்ப் தண்ணீருக்குத் தவிக்கும், சத்தம் வரும், இம்பெல்லர் தேயும். குறைப்பதென்றால் அவுட்லெட் பக்கத்தில் குறையுங்கள்.

சரி, அளவு. அரை இஞ்ச் பைப் என்றால் எங்கேயாவது அரை இஞ்ச் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது வெறும் பெயர். ஷெட்யூல் 40 (பைப்பின் சுவர்த் தடிமனைக் குறிக்கும் தரம்) வகையில் அரை இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., உள்விட்டம் ஏறத்தாழ 15.8 மி.மீ. ஆகவே 16/22 ஹோஸ் (உள்விட்டம் 16, வெளிவிட்டம் 22 மி.மீ. உள்ள வளையும் குழாய்) உள்ள ஃபில்டருக்கு ஓட்டத்தைப் பொறுத்தவரை அது கச்சிதம். ஆனால் ஹோஸின் உள்விட்டம் 16 மி.மீ.தான் என்பதால் பைப்பின் மேல் அதை ஏற்ற முடியாது. நடுவில் ஹோஸ் நிப்பிள் (பைப்பையும் ஹோஸையும் இணைக்கும் துண்டு) தேவை. அந்த நிப்பிளின் துளை 12 மி.மீ. என்றால் தண்ணீர் போகும் பரப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். கடையில் நிப்பிளை எடுத்ததும் அதன் வழியே ஒரு கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஃபில்டர் ஒரு மீட்டர் கீழே இருக்கிறதே, பம்ப் அவ்வளவு உயரம் தள்ளுமா என்று கவலைப்படுவார்கள். இறங்கும் தண்ணீரின் எடையும் ஏறும் தண்ணீரின் எடையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஓட்டத்தைத் தின்பது உராய்வு, முக்கியமாக எல்போக்கள் (பைப்பைத் திருப்பும் வளைவுத் துண்டுகள்). சாதாரண 90 டிகிரி எல்போ ஒன்று, பைப் விட்டத்தைப்போல் சுமார் 30 மடங்கு நீளமுள்ள நேர் பைப்புக்குச் சமம். அரை இஞ்ச் பைப்பில் அது அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அழகுக்காக ஆறு எல்போ போட்டால் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பைப்பைக் கூடுதலாக மாட்டிய கணக்கு.

ஃபில்டர் வரைக்கும் கெட்டிப் பைப்பாகவே கொண்டுபோகாமல் கடைசி ஒரு சாணுக்கு ரப்பர் ஹோஸை விடுங்கள். மோட்டார் அதிர்வு பைப் வழியாகக் கண்ணாடிக்கு ஏறாது, ஒரு சென்டிமீட்டர் அளவு பிசகினாலும் சமாளிக்கலாம்.

பின்னோட்டத்தை மறப்பவர்களும் அதிகம். ஸ்ப்ரே பார் தண்ணீருக்குள் ஆழமாக இருந்து, கீழே ஹோஸ் கழன்றுகொண்டால், அந்தப் பக்கமாகவும் தொட்டி காலியாகும். இரண்டு பைப்பிலும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 3 மி.மீ. துளை ஒன்று போட்டால், மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் (தானாக வழிந்திறங்கும் ஓட்டம்) அறுந்துவிடும். பாசி அடைத்தால் துளை போட்டும் பயனில்லை. தண்ணீர் மாற்றும்போது ஃபில்டரை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஒட்டும்போது: வெட்டிய முனையின் பிசிரை உப்புத்தாளால் தேயுங்கள். பசையில்லாமல் செருகிப் பார்க்கும்போது பைப் முழு ஆழத்துக்கு இறங்காது, பசை தடவினால்தான் இறங்கும். அளவெடுக்கையில் இதைக் கணக்கில் வையுங்கள். சிபிவிசி (வெந்நீருக்கான பைப் வகை) போட்டால் அதற்குரிய பசைதான். மரை உள்ள இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் ஒரு சுற்றுக்கு மேல் போனால் பிளாஸ்டிக் வெடிக்கும். பித்தளை வால்வு வேண்டாம், செம்பு இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். ஒட்டி 24 மணி நேரம் விட்டு, பைப்பை நன்றாக அலசி, முதலில் ஒரு வாளித் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். கீழ் மூட்டுகளில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தால், கைக்குத் தெரியாத ஈரமும் அதில் தெரிந்துவிடும்.